வாசல்படி மட்டும் நனைந்த நாள்

சோற்றில் கறிக்குழம்பைப் பிசைந்துகொண்டே என் மகள் பியூலா சொன்னாள்: "அப்பா, நான் ஒரு அடையாளம் கேக்கப் போறேன்."

மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வீடு திரும்பி, உடுப்பு மாற்றிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தோம். ஜன்னல் கம்பியைத் தொட்டால் சுட்டது. மேசையில் மூன்று பேர்: நான், என் மனைவி மெர்சி, பெங்களூரிலிருந்து முந்தின நாள் தனியாக வந்து இறங்கிய பியூலா.

பியூலா நாற்பதைத் தாண்டியவள். நர்சாகப் படித்து, பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, இப்போது நோயாளியையே பார்க்கத் தேவையில்லாத ஒரு பதவிக்கு வந்திருக்கிறாள். காப்பீட்டுக் காகிதங்களைச் சரிபார்க்கும் பிரிவுக்கு அவள்தான் தலைவி.

"என்ன அடையாளம்?" என்றேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு வாயில் இருந்த சோறு கசந்தது. அதன் காரணத்தைத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

"கோபிநத்தம் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியில மறுபடி நர்ஸ் கேக்கறாங்க. போறதா வேணாமான்னு பார்க்கணும். இந்தச் சாப்பாடு முடியற வரைக்கும் நீங்க எனக்கு ஒரு புத்திமதியும் சொல்லக் கூடாது. சொல்லாம இருந்தீங்கன்னா, கர்த்தர் என்னைப் போகச் சொல்றார்னு எடுத்துக்குவேன். சொல்லிட்டீங்கன்னா போகல."

மெர்சி கரண்டியைக் கீழே வைத்தாள். "பாவம்டி. செங்கடலைப் பிளக்கச் சொல்லியிருந்தா சுலபமா முடிச்சுக் குடுத்திருப்பார்."

நான் வாயைத் திறந்தேன்.

"இப்பவே ஆரம்பிச்சாச்சா?" என்றாள் பியூலா.

"அப்பளம் கேக்க வந்தேன்."

"கேளுங்க. அப்பளத்துக்குத் தடையில்ல."

அடையாளக் கம்பெனி

சென்ற வாரம் என் கல்லூரி நாட்களைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் தொலைபேசியில் அழைத்தார். "சார், மனம் வருந்துகிறேன் என்று தொடரில் அடிக்கடி எழுதுகிறீர்கள். ஆனால் வருந்தும்படியாக ஒன்றையும் காணோமே" என்று வருத்தப்பட்டார். அவருடைய குறை இந்த வாரம் தீரும்.

எங்கள் பழக்கம் தெரியாதவர்களுக்காக முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு முக்கியமான முடிவு எடுக்க வேண்டும், கர்த்தருடைய சித்தம் எதுவென்று தெரியவில்லை என்றால், "இன்னது நடந்தால் ஆம், நடக்காவிட்டால் இல்லை" என்று ஜெபத்தில் ஓர் அடையாளம் வைத்துக்கொள்வோம். இதற்கு ஞாயிறு பள்ளியில் சொல்லித் தருகிற ஒரு பழைய கதைதான் ஆதாரம். யுத்தத்துக்குப் போகப் பயந்த ஒருவர் ராத்திரியில் ஆட்டுத்தோலைக் களத்தில் விரித்து வைக்கிறார். விடிந்து பார்க்கும்போது தோல் மட்டும் பனியில் நனைந்து, சுற்றிலும் தரை காய்ந்திருந்தால் போகிறேன் என்கிறார். அப்படியே நடக்கிறது. அதிலும் சந்தேகம் தீராமல் மறுநாள் தரை நனையட்டும், தோல் காயட்டும் என்கிறார். அதுவும் நடக்கிறது.

அந்த மனிதர் பயந்தவர், ஆனால் நேர்மையானவர். நடக்க முடியாததைக் கேட்டார். எங்கள் மைசூர் தமிழ் சபையில் நாங்கள் நடந்தே தீருவதைக் கேட்டோம்.

ஒருவர் சிவப்பு ஸ்கூட்டர் வாங்க ஆசைப்பட்டார். வீட்டிலிருந்து ஞாயிறு ஆராதனைக்குக் கோவிலுக்கு வருவதற்குள் சிவப்பு ஸ்கூட்டர் ஒன்று எதிரே வந்தால் வாங்குவதாக அடையாளம் வைத்தார். வைத்தது தசரா வாரத்தில். ஊரில் பாதி ஸ்கூட்டர்கள் அவருக்கு எதிரேதான் வந்தன. கண்ணீரோடு சபையில் எழுந்து சாட்சி சொன்னார்.

இன்னொருவர் பெண் பார்க்கப் போனார். பெண் நீலப் புடவையில் வந்தால் அதுவே கர்த்தர் காட்டிய பெண் என்று ஜெபித்திருந்தார். ஜெபித்ததைத் தன் அத்தையிடமும் சொல்லிவைத்தார். அத்தைக்குப் பெண் வீட்டாரோடு நல்ல பழக்கம். பெண் நீலத்தில் வந்தாள், பெண்ணின் தாயும் நீலத்தில் வந்தார், காபித் தட்டின் மேல் போட்டிருந்த துணிகூட நீலம். கர்த்தரும் அத்தையும் கூடிப் பேசி முடித்த கல்யாணம் அது.

இதில் நான் வெறும் வேடிக்கை பார்த்தவன் அல்ல. நான் சபையை நடத்தும் மூப்பர்களில் ஒருவன். கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். படித்தவர், ஜெபிக்கிறவர் என்று இரண்டு பெயரும் எனக்கு இருந்தன. என்ன அடையாளம் கேட்பது என்று ஆலோசிக்கச் சனிக்கிழமை ஜெபக் கூட்டம் முடிந்து ஆட்கள் என் வீட்டுக்கு வருவார்கள். அவர்களுக்குக் காபி போட்டு அலுத்த மெர்சி அதற்கு "அடையாளக் கம்பெனி" என்று பெயர் வைத்தாள்.

வந்தவர்களின் மனம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது இரண்டு கேள்வியில் தெரிந்துவிடும். அந்தப் பக்கமே சாய்கிற மாதிரி ஓர் அடையாளத்தை நான் அமைத்துக் கொடுப்பேன். எங்கள் ஆய்வகத்தில் ஒரு மாணவன் இப்படி ஒரு சோதனை செய்து காட்டியிருந்தால் அவனைத் தேர்வில் நிறுத்தியிருப்பேன். என்ன செய்தாலும் ஒரே விடை வருவதற்குச் சோதனை என்று பெயரில்லை என்று வாரம் தவறாமல் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தான்.

இவ்வளவு அடையாளங்களைப் பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். சம்பளம் குறைகிற ஊருக்குப் போகச் சொல்லி எங்களில் ஒருவருக்கும் அடையாளம் வந்ததில்லை. சாதி மாற்றிப் பெண்ணோ மாப்பிள்ளையோ காட்டப்பட்டதும் இல்லை. எங்கள் உறவுமுறை முழுவதும், யார் யாருக்குச் சமம் என்பது உட்பட, கர்த்தருக்கு அத்துப்படியாக இருந்தது. நாங்கள்தான் கற்றுக் கொடுத்திருந்தோம்.

கல்லூரி ஓய்வறையில் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் மேல்கோட்டையிலிருந்து வந்த சமஸ்கிருதப் பேராசிரியர். ஜாதகம் பார்க்கிறவர்களைப் பற்றி நான் அவரிடம் வாய் ஓயாமல் கேலி பேசுவேன். ஒரு நாள் அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, எங்களுக்காவது கட்டத்தில் வேண்டாத கிரகமும் வந்து உட்காருகிறது, உங்களுக்கு ஒரு முறைகூட அப்படி வந்ததாகத் தெரியவில்லையே என்றார். மணி அடித்துவிட்டதாகச் சொல்லி எழுந்து போனேன். மணி அடிக்கவில்லை.

கோபிநத்தம்

இருபது வருடத்துக்கு மேல் இருக்கும். பியூலா அப்போதுதான் நர்சிங் முடித்து மைசூரிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் வேலையில் இருந்தாள். சபையிலிருந்து ஒரு குழு காவிரிக்கரையோரம், காட்டை ஒட்டி இருக்கும் கோபிநத்தம் பக்கம் மருத்துவ முகாமுக்குப் போனது. அவளும் போனாள்.

அங்கே ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரி. ஊரில் பேச்சு தமிழ். ஆஸ்பத்திரியில் டாக்டருக்குக் கன்னடம், இருந்த ஒரு நர்சுக்கு மலையாளம். பிரசவ வலியில் ஒரு பெண் என்ன சொல்லிக் கத்துகிறாள் என்று புரியாமல் இருவரும் திண்டாடியபோது, பியூலா அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேசியிருக்கிறாள். குழந்தை பிறந்த பிறகு அந்தப் பெண்ணின் மாமியார், "ஏனுங் கண்ணு, எங்க பேச்சு புரியறவீங்க நீங்க ஒருத்தருதான். இங்கயே இருந்துக்கறீங்களா?" என்று கேட்டாராம்.

திரும்பி வந்தவள் ஒரு வாரம் அதையே சொன்னாள். பிறகு ஒரு நாள், "அப்பா, நான் அங்க போய் வேலை பார்க்கட்டுமா?" என்றாள்.

நான் யார் என்பதை வாசகர்கள் இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மிஷனெரி ஞாயிறுகளில் பிரசங்க மேடையில் ஏறி, "நம் பிள்ளைகளில் யார் போவார்கள்?" என்று தொண்டை தழுதழுக்கக் கேட்பவன். ஊழியப் பாட்டு பாடும்போது கைக்குட்டையை எடுப்பவன். நைந்த ஸ்வெட்டர்களை மூட்டை கட்டி மிஷனுக்கு அனுப்புபவன். என் பிரசங்கத்தைக் கேட்டு என் வீட்டிலேயே ஒருத்தி எழுந்து வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதை நான் மற்றவர்களின் பிள்ளைகளுக்காகத் தயாரித்திருந்தேன்.

அந்தக் காட்டுப் பக்கம் பாதுகாப்பில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மை அதுவல்ல. பெங்களூரிலிருந்து அவளுக்கு ஸ்டீபன் என்பவரின் வரன் வந்திருந்தது. கம்ப்யூட்டர் கம்பெனி, நல்ல குடும்பம். அங்கேயே பெரிய ஆஸ்பத்திரியில் பியூலாவுக்கு வேலைக்கும் ஏற்பாடு செய்கிறோம் என்றார்கள். கோவில் வாசலில் ஆராதனை முடிந்து நிற்கும்போது, "மகள் எங்கே இருக்கிறாள்?" என்று யாராவது கேட்டால், கோபிநத்தம் என்று சொல்வதும் பெங்களூர் என்று சொல்வதும் ஒன்றா? எனக்கு ஒன்றாக இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை குடும்ப ஜெபத்தில் அடையாளத்தை அறிவித்தேன். "நாளை மாலை ஜெபக் கூட்டத்துக்கு மணி அடிப்பதற்குள் நம் வீட்டு வாசலில் மழை விழுந்தால், கர்த்தர் இந்த வழியை அடைக்கிறார்."

அது ஜூலை மாதம்.

"அப்பா, நாலு நாளா நிக்காம தூறிட்டுத்தானே இருக்கு" என்றாள் பியூலா.

"கர்த்தர் நினைச்சா நிறுத்த முடியாதா? விசுவாசம் வேணும்மா."

மெர்சி முழங்காலிலிருந்து எழுந்து புடவையைத் தட்டினாள். "வெயில் அடிச்சா போகக் கூடாதுன்னு கேளுங்களேன். அதுலயும் விசுவாசம் இருக்கும்."

நான் அவளை ஒரு பார்வை பார்த்தேன். அப்போதெல்லாம் அந்தப் பார்வைக்குக் கொஞ்சம் மதிப்பு இருந்தது.

ஒரு சனிக்கிழமை

மறுநாள் காலை கண் விழித்தபோது சுவரில் வெயில் விழுந்திருந்தது.

முதலில் நம்பவில்லை. மாடிக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு வாரமாக மேகத்துக்குள் காணாமல் போயிருந்த சாமுண்டி மலை, குளித்துத் துடைத்தது போல நின்றது. மேலே கோபுரம்கூடத் தெரிந்தது. தெரு முழுவதும் கொடி கட்டித் துணி காயப் போட்டார்கள். பக்கத்து வீட்டம்மா, "இவத்து பிசிலு பந்து பிட்டிதெ" என்று, அதாவது இன்று வெயில் வந்துவிட்டது என்று, தன் வாழ்நாளில் வெயிலையே பார்க்காதவர் மாதிரிச் சந்தோஷப்பட்டார்.

பியூலா பகல் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று வானத்தைப் பார்த்தாள். கையில் இருந்த குடையைத் திரும்பக் கொண்டுவந்து கதவுக்குப் பின்னால் மாட்டிவிட்டுப் போனாள்.

மெர்சி மத்தியானம் சாப்பிட்டுவிட்டு தேவராஜ மார்க்கெட்டுக்குப் போனாள். நான் தனியாக இருந்தேன். மூன்று மணிக்கு ஒரு முறை மாடிக்குப் போனேன். அதன் பிறகு நிலைகொள்ளாமல் போய்க்கொண்டே இருந்தேன். மேற்கே கைக்குட்டை அளவு மேகம்கூட இல்லை. மழைக்காக அவ்வளவு ஊக்கமாக நான் ஜெபித்ததே இல்லை. எந்த விவசாயியும் ஜெபித்திருக்க மாட்டார்.

எங்கள் வீட்டு வாசலில், படிக்கு இரண்டு பக்கமும் ரோஜாத் தொட்டிகள் இருந்தன. மெர்சியின் பிரியமான செடிகள். எனக்கும் தோட்டத்துக்கும் சம்பந்தமில்லை. அன்று மட்டும், பாவம் வெயிலில் வாடுகின்றனவே என்று எனக்கு இரக்கம் பிறந்தது. ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்தேன். இரண்டு தொட்டிக்கும் ஊற்றினேன். நிரம்பி வழிந்து படியில் இறங்கியது. இன்னும் ஊற்றினேன். பிறகு குவளையால் அள்ளி, கையால் தெளித்தேன், செடிக்கும் படிக்குமாக. செடிக்குத்தான் ஊற்றுகிறேன் என்று அந்த நிமிடத்திலும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாளியைப் பின்கட்டில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு செய்தித்தாளை எடுத்தேன்.

பியூலா வந்து படியில் செருப்பைக் கழற்றினாள். குனிந்து பார்த்தாள்.

"மழையாப்பா?"

"ஒரு தூறல் விழுந்தது. நம்ம தெருவுல மட்டும்."

அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அவளுடைய வெள்ளைச் சேலையின் ஓரம் படியில் பட்டு ஈரத்தை உறிஞ்சியது. பிறகு, "சரிப்பா" என்று உள்ளே போனாள்.

ஜெபக் கூட்டத்துக்கு மணி அடித்தது. போனேன். முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

அதற்குப் பின்

கெட்டதாக ஒன்றும் நடக்கவில்லை. அப்படி நடந்திருந்தால் இந்த அத்தியாயத்தை எழுதுவது சுலபம். ஸ்டீபன் நல்லவர். பேரன் கெட்டிக்காரன், வெளியூரில் கல்லூரி விடுதியில் இருக்கிறான். கோவில் வாசலில் நான் ஆசைப்பட்டபடி "பெங்களூர்" என்று பல வருடங்கள் சொன்னேன்.

ஆனால் பியூலா வரும்போதெல்லாம் அவள் கையைப் பார்ப்பேன். நாடி பிடிக்கத் தெரிந்த கை. அது காகிதம் புரட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைப்பேன். ஒரு முறை பக்கத்து வீட்டம்மா கீழே விழுந்து கையை முறித்துக்கொண்டபோது பியூலா ஓடிப்போய் அட்டையும் துணியும் வைத்துக் கட்டினாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தை, அவளுக்குப் பதவி உயர்வு வந்த எந்த நாளிலும் நான் பார்த்ததில்லை.

அந்தச் சனிக்கிழமையை யாரிடமும் சொல்லவில்லை. அடையாளக் கம்பெனியை மட்டும் மெல்ல மூடினேன். உடம்பு சரியில்லை என்று காரணம் சொன்னேன். அதுவும் பொய்.

இவ்வளவு வருடம் கழித்து, அதே ஊரின் பெயரோடு, அதே மாதிரி ஓர் அடையாளத்தைக் கொண்டுவந்து அவள் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். இந்த முறை மழை என் வாய்க்குள் இருந்தது. திறந்தால் விழும்.

உப்பு

ஒரு சாப்பாடு எவ்வளவு நீளம் என்பது பேசாமல் சாப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

குழம்பு முடிவதற்குள் என் தொண்டையில் வரிசையாக வந்து நின்றவை: அந்தப் பக்கம் யானை வரும். ஸ்டீபன் தனியாக என்ன செய்வார்? உன் வயதில் இடுப்பு வலி ஆரம்பிக்கும். அங்கே பாம்புக் கடிக்கு மருந்து இருக்கிறதா என்று கேட்டாயா? பையனுக்கு இன்னும் படிப்பு முடியவில்லை. எல்லாம் அக்கறையான விஷயங்கள். எனக்குத் தெரிந்தவரை, மனிதர்களை அவர்கள் வழியில் போகவிடாமல் நிறுத்துவதற்கு அக்கறையைவிட நல்ல கருவி கிடையாது.

ஒவ்வொன்றையும் சோற்றோடு விழுங்கினேன். விக்கியது. மெர்சி தண்ணீரை நகர்த்தி வைத்தாள்.

"முகம் செவந்து போச்சு" என்றாள் பியூலாவிடம். "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி உனக்கு இங்கயே ஒரு நோயாளி."

ரசம் வந்தது. வாயில் வைத்ததும், நினைக்காமலே, "உப்பு கம்மி" என்றேன்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"இது புத்திமதியில சேருமா?" என்றாள் பியூலா.

மெர்சி யோசித்துத் தீர்ப்புச் சொன்னாள். "உப்பு போடுன்னு சொன்னாத்தான் புத்திமதி. கம்மின்னு சொன்னா குறை. குறை சொல்றது அவருக்கு மூச்சு விடற மாதிரி, அதைக் கணக்குல எடுக்க முடியாது."

"சரி, தொடருங்க."

தொடர்ந்தேன். மோர் ஆயிற்று. மெர்சி கிண்ணங்களில் சுடச்சுடப் பாயசம் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். பியூலா கையைக் கழுவிக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"முடிஞ்சது. ஜெயிச்சுட்டீங்க."

"அப்போ கர்த்தர் போகச் சொல்லிட்டார்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"அவர் எப்பவோ சொல்லிட்டார்ப்பா. போன மாசமே நான் ஒத்துக்கிட்டாச்சு. வேலையை விடறேன்னும் எழுதிக் குடுத்தாச்சு."

"அப்போ இந்த அடையாளம்?"

"அடையாளம் எங்க? நிம்மதியா ஒரு வேளை சாப்பிடணும்னு இருந்துச்சு. நேரடியாக் கேட்டா கேக்க மாட்டீங்க. கர்த்தர் பேரைச் சொன்னா கேப்பீங்க."

மெர்சி சிரித்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு நியாயமாகத்தான் பட்டது.

பிறகு பியூலா சொன்னாள், எப்படி முடிவெடுத்தாள் என்று. தினமும் காலையில் ஜெபித்திருக்கிறாள். போகட்டுமா வேண்டாமா என்று கேட்கவில்லையாம், எதற்குப் பயப்படுகிறேன் என்று காட்டும்படி கேட்டாளாம். விடுப்புப் போட்டு அங்கே போய், நர்சுகளுக்கான அறையில் தங்கி, நோயாளிகளைப் பார்த்திருக்கிறாள். அந்த வேலையை விட்டுப் போன ஒரு நர்சைத் தேடிப் பிடித்து ஏன் விட்டாள் என்று கேட்டிருக்கிறாள். ஸ்டீபனோடு பேசி, சண்டை போட்டு, மறுபடி பேசியிருக்கிறாள். ரெண்டு வருஷம் போய்ப் பாரு, சனி ஞாயிறு நான் வர்றேன் என்று கடைசியில் அவர் சொல்லியிருக்கிறார். அவர்கள் சபைப் போதகரின் மனைவி, பணி ஓய்வு பெற்ற நர்ஸ், அவரிடமும் கேட்டிருக்கிறாள். அவர் "போகாதே" என்றாராம். அதையும் எடுத்து வைத்து யோசித்திருக்கிறாள்.

யாரிடமெல்லாம் கேட்டாள் என்று கவனித்துக்கொண்டே வந்தேன். நான் அதில் இல்லை.

இவ்வளவு காலம் ஜெபம் என்பதை நான் கல்லூரி அலுவலகம் மாதிரி நடத்தியிருக்கிறேன். எல்லாவற்றையும் நானே எழுதி முடித்து, கையெழுத்துக்கு மட்டும் முதல்வர் அறைக்கு அனுப்புவது. அவர் ஒரே ஒரு முறை, ஒரு ஜூலை மாதத்தில், கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். நானே போட்டுவிட்டேன்.

"பியூலா" என்றேன். "அன்னைக்கு மழை பெய்யல."

மெர்சியின் சிரிப்பு நின்றது. "என்னைக்கு?"

"ஜூலையில. அந்தச் சனிக்கிழமை. நான்தான் தண்ணி ஊத்தினேன்."

பியூலா பாயசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தாள். கரண்டி நிற்கவில்லை.

"தெரியும்ப்பா. படி மட்டும் ஈரம், மதில் காஞ்சிருந்துச்சு, தெரு காஞ்சிருந்துச்சு. அந்த ஆட்டுத்தோல் கதை மாதிரியே. ஞாயிறு பள்ளியில எனக்கு அதைச் சொல்லித் தந்ததே நீங்கதானே."

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் கேக்கல?"

அவள் கரண்டியைக் கிண்ணத்தில் சாய்த்து வைத்தாள். "எனக்கும் பயமா இருந்துச்சு. அந்த ஊர்ல ராத்திரி எப்படி இருக்கும்னு பார்த்துட்டு வந்திருந்தேன். போகலைன்னா உங்களாலன்னு சொல்லிக்கலாம். ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கிட்டேன். வசதியா இருந்துச்சு." பிறகு, "ஆனா நீங்க சொல்லுவீங்கன்னு ஒவ்வொரு ஜூலையும் பார்த்தேன்" என்றாள்.

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் சொல்லித்தான் ஆக வேண்டும், அவள் வளர்ந்த விதம் அப்படி. அதனால் கேட்கவில்லை.

மெர்சி வாசல் பக்கம் பார்த்தாள்.

"வலது பக்கத்து ரோஜா" என்றாள். "அந்த மாசம் வேர் அழுகிச் செத்துச்சு. பால்காரர்தான் டப்பா கழுவின தண்ணியை ஊத்தறார்னு சண்டை போட்டு அவரை நிறுத்தினேன்."

"ஆமாம்."

"நீங்க பக்கத்துல நின்னு பார்த்துட்டு இருந்தீங்க."

"ஆமாம்."

அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் பியூலாவிடம், "எப்போ கிளம்பறே?" என்று கேட்டேன். வாழ்நாளில் அவளிடம் நான் கேட்ட கேள்விகளில், விடை எனக்கு முன்பே தெரியாத கேள்வி அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

"ஈஸ்டர் முடிஞ்ச மறுநாள். இங்க வந்து, இங்கிருந்து கொள்ளேகால் பஸ்."

"நான் ஏதாவது செய்யணுமா?"

"பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கூட வாங்க. பெட்டியை நான் தூக்கிக்கறேன்."

தலையாட்டினேன். அப்போது என் கண் தானாக ஜன்னல் பக்கம் போயிற்று. கம்பிக்கு அப்பால் வானம் வெளுத்துக் கிடந்தது, ஓரத்தில்கூட ஒரு மேகம் இல்லை. எதற்காகப் பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பழக்கம்.

மெர்சி கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். முகத்தை இன்னும் திருப்பிக்கொண்டுதான் இருந்தாள்.

"அங்க என்ன பாக்கறீங்க? பாயசம் ஆறுது."